மழை வந்தால் ஆறிவிடும்

"வாயத் தொற."

யாரைப் பார்த்தாலும் அவர் முதலில் சொல்கிற வார்த்தை இதுதான். சௌக்கியமா என்று கேட்க மாட்டார், சாப்பிட்டியா என்றும் கேட்க மாட்டார். உப்பளத்து வரப்பில் எதிரே வந்தாலும் சரி, மரக்காணம் பஸ் ஸ்டாப்பில் நின்றாலும் சரி, கல்யாணப் பந்தலில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாலும் சரி, சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்து உள்ளங்கையில் ரெண்டு தட்டுத் தட்டி, "வாயத் தொற" என்பார். அந்த டார்ச் சுனாமி நிவாரணத்தில் அவருக்குக் கிடைத்தது. மற்றவர்கள் எல்லாம் கொடுத்த டார்ச்சை வீட்டில் கரண்ட் போகும் நேரத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அவர் மட்டும் பட்டப்பகலில், கண் கூசுகிற உப்பளத்து வெயிலில், டார்ச் அடித்துக்கொண்டு திரிந்தார்.

அவர் பேரை எழுதவில்லை. எங்கள் பக்கம் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. டார்ச்சுக்காரர் என்றால் தெரியும். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர்.

இடது பக்கத்துத் தாடை எலும்பை எடுத்துவிட்டிருந்தார்கள். கன்னம் உள்ளே குழிந்து, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். உதடு முழுசாக மூடாது. எச்சில் ஒழுகும். அதற்காகத் தோளில் ஒரு துண்டு, எப்போதும் ஈரமாக இருக்கும். இடது தோளும் தொங்கிப்போயிருந்தது, அந்தக் கையை மேலே தூக்க முடியாது. பேச்சில் பாதி எழுத்து வராது. புதிதாகக் கேட்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. பழகிய எங்களுக்குப் புரியும். நான் இங்கே எழுதுகிறபடி தெளிவாக அவர் பேசினார் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

டீக்கடைக்கு வரும்போது சொந்த டம்ளர் கொண்டுவருவார். கடைக்காரர், "எதுக்குண்ணா, நம்ம கிளாஸுலயே குடிக்கலாமே" என்பார். "நீ கேக்கறதுக்கு முன்னாடி நானே கொண்டாந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, தலையை வலது பக்கமாகச் சாய்த்து, துண்டைத் தாடைக்குக் கீழே அணைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொள்வார். ஒரு டீ குடிக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தில் கடைக்கு வருகிறவன் எவனும் அவருக்குத் தப்ப முடியாது.

"டேய், டார்ச்சு வருது, வாய மூடுங்கடா" என்று பையன்கள் கத்துவார்கள்.

"என் பொண்டாட்டியே என் வாயப் பாக்க மாட்டா, உனக்கு எதுக்குய்யா?" என்று ஒருத்தன் கேட்டான்.

"பாத்திருந்தா ஓடியிருப்பா. இந்த நாத்தத்துலயா குடும்பம் நடத்துறா? மகராசி. தொற."

கடையே சிரித்தது. அவன் வேறு வழி இல்லாமல் வாயைத் திறந்தான். எங்கள் பூசாரியைக்கூட அவர் விட்டதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பூசாரி விபூதித் தட்டை நீட்டினார். வெற்றிலையும் புகையிலையுமாகச் சிவந்திருந்த பூசாரியின் வாயைப் பார்த்துவிட்டு டார்ச்சுக்காரர், "சாமி, விபூதி அப்புறம் குடுங்க. மொதல்ல நீங்க தொறங்க" என்று சந்நிதியிலேயே டார்ச்சை எடுத்துவிட்டார். பூசாரி தட்டோடு பின்வாங்கினார். எனக்குக் கோபம் வந்தது. சந்நிதியில் விளையாடுகிறாரே என்று நினைத்தேன். அவர் விளையாடவில்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

உப்பளத்தில் வேலை செய்கிறவன் உடம்பில் புண் இல்லாத இடம் கிடையாது. கால் விரல் இடுக்கில் புண், குதிகாலில் வெடிப்பு, உப்பு வாரும் பலகையைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் புண். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே பேர்தான், உப்புப் புண். மருந்தும் ஒன்றுதான், மழை. ஐப்பசியில் மழை பிடித்துப் பாத்தியெல்லாம் தண்ணீர் நின்று வேலை ஓய்ந்துவிட்டால், பத்து பதினைந்து நாளில் எல்லாம் காய்ந்து தோல் மூடிவிடும். நான் விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்தது அது. எங்கள் அப்பாவும் அப்படித்தான் பார்த்திருப்பார்.

வாயிலும் புண் வரும். உப்பளத்துக் காற்றில் உதடு வெடிக்கும், நாக்கு வறளும். வறட்சி தெரியாமல் இருக்கப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் ஆம்பிளைகள் பாத்தியில் இறங்குவோம். கன்னத்தில் புண் வந்தால் அதையும் உப்புப் புண்ணோடுதான் சேர்ப்போம். மாசியில் வந்த புண்ணைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஐப்பசி வரைக்கும் வைத்திருப்போம், மழை வந்தால் ஆறிவிடும் என்று. ஆறாமல் போனால்தான் ஆஸ்பத்திரி. அப்போது போனவர்கள் திரும்பவில்லை. எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்து உப்பளத்திலிருந்து வாய்ப் புண்ணோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன ஆம்பிளைகளில், திரும்பி வந்து மறுபடியும் பலகை பிடித்தவர் இவர் ஒருத்தர்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் அவ்வளவுதான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். எப்போது போனார்கள் என்பதை யாரும் பேசவில்லை. அதை அவர் மட்டும்தான் பேசினார்.

"நான் கெட்டிக்காரன் இல்லடா," என்பார். "எனக்குப் புண்ணு வந்ததே மழையில. பாத்தி பூரா தண்ணி. உப்ப நான் தொட்டு ஒரு மாசம் ஆச்சு. அப்போ இது உப்புப் புண்ணுன்னு எப்படிச் சொல்றது? உப்பு மேல பழி போட வழி இல்ல. வேலையும் இல்ல, சும்மா குந்திக்கினு இருக்கமே, பாண்டிக்குப் போய்க் காட்டிட்டு வரலாம்னு போனேன். அன்னிக்கே படுக்க வெச்சுட்டாங்க. பக்கத்துக் கட்டிலு, அதுக்குப் பக்கத்துக் கட்டிலு, எல்லாம் நம்ம ஆளுங்கதான். உப்புல இருந்து வந்தவன், கடல்ல இருந்து வந்தவன், முந்திரிக் காட்டுல இருந்து வந்தவன். எல்லாம் என்னைவிட வயசுல சின்னவன், என்னைவிட பலசாலி. ஒருத்தனும் வீட்டுக்குப் போவல. ஏன்? நேரம் கழிச்சு வந்தான். அவ்ளோதான் வித்தியாசம். என் புண்ணு மட்டும் மாசியில வந்திருந்தா நானும் மழைக்குக் காத்துக்கினு இருந்திருப்பேன்."

இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பார். கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். அவர் எழுந்து போனதும் ஒருத்தருக்கொருத்தர் பார்த்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்தால் இந்த மூஞ்சியோடுதான் பிழைக்கணுமா என்பதுதான் அந்தப் பார்வை. பாவம், பிழைத்ததற்குச் சாட்சியாக அவர் தன் முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் பயந்தோம்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. நான் எட்டாவது வரை படித்தவன். உப்பளத்தில் ஒரு வரிசைப் பாத்திக்கு மேஸ்திரி. அம்மன் கோயில் காரியம் எதுவானாலும் முன்னால் நிற்பேன். கார்த்திகையில் மாலை, சித்திரையில் தீமிதி, வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு. குடி கிடையாது, பொய் கிடையாது என்று ஊரில் எனக்கு ஒரு பேர் இருந்தது. அப்பா இல்லாத வீட்டுக்குப் பெரியவன். தம்பி, அவன் பெண்டாட்டி, அவன் மகள், என் குடும்பம் எல்லாம் ஒரே வீட்டில்தான். தம்பிக்கு முப்பத்தி நாலு வயது. என் வரிசையிலேயே வேலை. நான் நில் என்றால் நிற்பான், நட என்றால் நடப்பான்.

சுனாமிக்கு அடுத்த பங்குனி. உப்பு நன்றாக விளைந்த நேரம். மதியம் குவித்து வைத்த உப்பு அம்பாரத்து நிழலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். அவர் வந்தார். வழக்கம்போல எல்லாரையும் வாய் திறக்கச் சொன்னார். தம்பி சிரித்துக்கொண்டே திறந்தான்.

மற்றவர்களுக்கு ஒரு நிமிஷம் பார்ப்பார். தம்பி வாயை வெகு நேரம் பார்த்தார். டார்ச்சை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

"எத்தினி நாளா இருக்குது?"

"மாசியிலேருந்துங்கண்ணா. உப்புப் புண்ணுதான்."

"வலிக்குதா?"

"வலியே இல்லண்ணா. அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"வலிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும், அப்பவே ஓடியிருப்ப" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காலைல மொத பஸ்ஸு. நீயே கூட்டிக்கினு போ. இவன் தனியாப் போனான்னா பாண்டியில சுத்திட்டு வந்துடுவான்."

சரிங்கண்ணா என்றேன். போகவில்லை. உப்பு விளைகிற நேரம், ஒரு ஆள் குறைந்தால் வரிசை தடுமாறும். அடுத்த வாரம் போகலாம் என்று வைத்தேன். அதற்குள் சித்திரை பிறந்து தீமிதிக்குக் காப்புக் கட்டினார்கள். நானும் கட்டிக்கொண்டேன், தம்பியும் கட்டிக்கொண்டான். எங்கள் ஊரில் காப்புக் கட்டினவன் தீமிதி முடிகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

அவர் கோயிலுக்கே வந்துவிட்டார்.

"போனீங்களா?"

"காப்புக் கட்டியாச்சுண்ணா. தீமிதி முடியட்டும்."

"அவுத்து வெச்சுட்டுப் போ."

"என்னண்ணா பேசுற? குத்தமாயிடும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இரு, அம்மன்கிட்டயே கேட்டுட்டு வர்றேன்" என்று உள்ளே போனார். சந்நிதி முன்னால் நின்று கும்பிட்டார். உதடு எதையோ முணுமுணுத்தது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"போவச் சொல்லிட்டா" என்றார்.

பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு வந்தது. "அம்மன் பேர விளையாட்டுக்கு எடுக்காத. போண்ணா, போ அந்தப் பக்கம்" என்று கத்தினேன். அவர் சிரிக்கவில்லை. "நான் எங்கடா விளையாடுறேன்" என்று மட்டும் சொன்னார்.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மன் மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை. போகாதே என்று அவள் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அவள் பேரை விளையாட்டுக்கு எடுத்தது நான்தான்.

அந்தத் தீமிதி அன்னதானத்தில் பரிமாறுகிற பொறுப்பு எனக்கு. அவர் முதல் பந்தியில் வந்து உட்கார்ந்தார். எதிரே குழந்தைகளோடு உட்கார்ந்திருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, "அண்ணா, தப்பா நெனக்காத. அந்தத் தண்ணி ட்ரம் பக்கத்துல உக்காரேன், தனியா இலை போட்டுத் தர்றேன். உனக்கும் சௌகரியமா இருக்கும்" என்றேன். போட்ட இலையை அவர் தானே எடுத்துக்கொண்டு எழுந்து போனார். சோற்றைச் சாம்பாரில் பிசைந்து பிசைந்து கூழாக்கி, பின்னால் உட்கார்ந்து தின்றார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு நேரே என்னிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"தீமிதி முடிஞ்சுது. காப்ப அவுத்தாச்சு. நாளைக்குப் போறீங்களா?" என்று கேட்டார்.

அன்று இரவு தம்பியிடம் போகலாமா என்றேன். அவன் குனிந்துகொண்டு தன் மகளின் ஜடையைப் பின்னிக்கொண்டிருந்தான். "அண்ணா, போனா என்னையும் அவர மாதிரி அறுத்துடுவாங்களா?" என்றான். குழந்தை முகத்தைப் பார்த்தேன். "அதெல்லாம் வாணாம்டா. உப்புப் புண்ணுதான். ஐப்பசி வரட்டும்" என்றேன். அவன் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதை என்னால் மறக்க முடியவில்லை. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிற நிம்மதி.

ஆனால் அவர் விடவில்லை. தினமும் வரப்பில் வந்து நிற்பார். "போனீங்களா? போனீங்களா?" என்பார். ஆட்கள் முன்னால் கேட்பார். என் வரிசை ஆளுங்க என்னைப் பார்ப்பார்கள். எனக்கு எரிச்சலும் வெட்கமுமாக இருந்தது.

வைகாசியில் ஒரு நாள் இன்ஜின் கொட்டகை வாசலில் நின்றிருந்தேன். பாத்திக்குத் தண்ணீர் ஏற்றுகிற இன்ஜினை ஓட்டுகிறவன் ஒருத்தன் உண்டு, தம்பிக்குக் கூட்டாளி. அவனை அவர் வாய் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "ரெண்டு வாரமா உள்ள என்னமோ உறுத்துதுண்ணா, பாரேன்" என்று அவனும் தானாகவே பீடியைக் கீழே போட்டான். அப்போது என்னைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார், "போனீங்களா?"

என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"போய்ட்டு வந்துட்டோம்ணா. நேத்துதான். பெரிய டாக்டரே பாத்தாரு. உப்புப் புண்ணுதானாம். மழை வந்தா ஆறிடும்னு சொல்லிட்டாரு."

இவ்வளவையும் தடுமாறாமல் சொன்னேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவர் அப்படியே நின்றார். "டாக்டரா சொன்னாரு? லைட்டு அடிச்சுப் பாத்தாரா? சதையக் கிள்ளி எடுத்தாரா?"

"எல்லாம் பாத்தாருண்ணா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கோணல் வாய் மெதுவாக விரிந்தது. சிரித்தார். "நல்லதுடா. நல்லது. அம்மன் காப்பாத்துனா. நீ பொய் சொல்லுவியா என்ன? அப்போ என் கண்ணுதான் தப்பு." டார்ச்சைப் பார்த்தார். "ஒழுங்காத் தெரியாம இத்தினி பேரப் பயமுறுத்திக்கினு இருந்திருக்கேன்."

இன்ஜின்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். "போண்ணா, டாக்டரே சொல்லிட்டாரு உப்புப் புண்ணுன்னு. நீ வேற" என்று வாயை மூடிக்கொண்டான். அவன் வாயை அவர் பார்க்கவே இல்லை. டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டு வரப்போடு நடந்துபோனார்.

அதற்குப் பிறகு அந்த டார்ச்சை யாரும் பார்க்கவில்லை. அதுவரை செல் தீர்ந்தால்கூட உருவி வரப்பில் வெயிலில் காய வைத்துத் திரும்பப் போட்டுக்கொள்கிற மனிதர். டீக்கடைக்கு வருவார், குடிப்பார், போவார். "என்னாண்ணா, வாயத் தொறக்கச் சொல்லலியா?" என்று பையன்கள் சீண்டுவார்கள். "எனக்கு என்னாடா தெரியும்" என்பார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரே சொன்னாராம், மழை வந்தால் ஆறிவிடுமாம் என்கிற பேச்சு ஒரு வாரத்தில் எல்லா உப்பளத்துக்கும் போய்விட்டது. மேஸ்திரி சொன்னாரு, சாமி கும்பிடுற மனுஷன் சொன்னாரு என்று சேர்த்துச் சொன்னார்கள். நான் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

அந்த வருஷம் மழை கொட்டியது. பாத்தியெல்லாம் ஏரி மாதிரி ஆகிவிட்டது. என் குதிகால் வெடிப்பு மூடியது. உள்ளங்கை மெத்தென்று ஆனது. தம்பியின் கை கால் புண்ணும் ஆறியது. கன்னத்துப் புண் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வீங்கி வந்தது. கழுத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி.

கார்த்திகையில் பாண்டிக்குக் கூட்டிப்போனேன். மழையில் ரோடு அரித்துக் கிடந்தது, பஸ் நின்று நின்று போனது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, இது எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். நான் மாசி என்றேன். "இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" என்றார். மழைக்குக் காத்திருந்தோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன்.

தம்பி மாசியில் போய்விட்டான். புண் வந்து சரியாக ஒரு வருஷம். கடைசிவரைக்கும் அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

அவனுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் காரியம் செய்தது நான். பதினாறாம் நாள் பந்தலில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. அவர் வந்திருந்தார். யாரும் சொல்லாமல் தானாகவே பின்னால் போய்த் தண்ணீர் ட்ரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு இலையும் சோறும் எடுத்துக்கொண்டு போனேன்.

"உள்ள வந்து உக்காருண்ணா."

"இங்கியே இருக்கட்டும்டா. எனக்கு ஒழுவும். புள்ளைங்க பயப்படும்."

அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். அவர் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். "டாக்டருங்களும் தப்பா சொல்லிடுறாங்க பாரு" என்றார் எனக்கு ஆறுதலாக. "நீ என்னா பண்ணுவ? நீ உன் கடமையைச் செஞ்ச."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அண்ணா, நாங்க போவல. வைகாசில சொன்னது பொய். எந்த டாக்டரையும் பாக்கல" என்றேன்.

பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. எச்சில் இலையில் விழுந்தது, துடைக்கவில்லை. அடிக்கட்டும் என்று குனிந்திருந்தேன்.

"அப்போ என் கண்ணு தப்பாப் பாக்கலியா?" என்றார்.

அவ்வளவு மெதுவாகக் கேட்டார். குழந்தை கேட்கிற மாதிரி. இல்லண்ணா, உன் கண்ணு சரியாத்தான் பாத்துது என்றேன். அவர் கண் நிறைந்தது. பிறகு அந்த முகம் மாறியது. எதையோ எண்ணிப் பார்க்கிறவர் மாதிரி உப்பளத்துப் பக்கம் திரும்பினார்.

"இன்ஜின்காரன். அன்னிக்கு உறுத்துதுன்னு சொன்னானே. நான் பாக்கலியே அவன." கையை உதறிக்கொண்டு எழுந்தார். "எழுந்திரு."

"அண்ணா, விளக்கு வெக்கிற வரைக்கும் நான் இன்னொரு வீட்டு வாசல மிதிக்கக் கூடாது. இன்னும் சடங்கு..."

"இன்னும் எத்தினி காப்புதான்டா கட்டிக்கினு இருப்ப?" என்றார். சத்தம் போடவில்லை.

எழுந்தேன். பந்தலிலிருந்து பெரியவர்கள் எங்கே போறே, எங்கே போறே என்று கூப்பிட்டார்கள். நான் திரும்பவில்லை.

இன்ஜின்காரன் வீடு உப்பளத்தை ஒட்டி. அவன் வாசலில் உட்கார்ந்து கஞ்சியை உறிஞ்சிக்கொண்டிருந்தான். காரியத்துக்கு அவன் ஏன் வரவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனால் சோறு தின்ன முடியவில்லை. வரும் வழியில் தன் வீட்டிலிருந்து எடுத்துவந்த டார்ச்சை அவர் பையிலிருந்து எடுத்தார். மாசக்கணக்கில் தொடாததால் செல் ஒழுகிப் பச்சை பிடித்திருந்தது. எரியவில்லை. அதைத் தூர வைத்துவிட்டு, அவன் தாடையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினார்.

"தொற."

முழுசாகத் திறக்க முடியவில்லை. திறந்தவரைக்கும் நானும் பார்த்தேன். தம்பிக்கு மழைக்கு முன்னால் இருந்த மாதிரியே இருந்தது.

"இப்பவே பாண்டிக்குப் பொறப்படு" என்றார்.

இன்ஜின்காரன் என்னைப் பார்த்தான். "ஏண்ணா, டாக்டரு உப்புப் புண்ணுன்னு சொன்னாருன்னு நீதானே சொன்ன? உன் தம்பிக்கு அப்புறமா வேற ஏதோ ஆயிடுச்சுன்னு இல்ல சொன்னாங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. உப்பளத்தைப் பார்த்துக்கொண்டு, "சொல்லு" என்றார்.

சொன்னேன். அவன் பெண்டாட்டி உள்ளேயிருந்து கையில் அகப்பையோடு வந்து நிலைப்படியில் நின்று கேட்டாள். நான் முடித்ததும் அவள் அழவில்லை, திட்டவில்லை. "நான் ஆனியிலயே இட்டுக்கினு போறேன்னு சொன்னேண்ணா. நீங்க சொன்னீங்கன்னுதானே இவரு வர மாட்டேன்னுட்டாரு. நீங்க சொன்னா சரியா இருக்கும்னுதானே நானும் வுட்டுட்டேன்" என்றாள்.

அன்றைக்கே அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சாவு காரியம் செய்த ஈர வேட்டியோடு. அவன் பிழைத்தான். தாடையில் பாதியும் நாக்கில் பாதியும் போயிற்று. வைகாசியில் வந்திருந்தால் சின்னதாக வெட்டி எடுத்துத் தையல் போட்டு அனுப்பியிருப்போம் என்று டாக்டரம்மா சொன்னார். அவன் இன்றைக்கும் இருக்கிறான். என்னைப் பார்த்தால் கை தூக்கிக் கும்பிடுவான், பஸ்ஸில் கூட்டிப்போனதற்கு. அவன் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் செய்வதைத்தான் என்னால் தாங்க முடிகிறது.

டார்ச்சுக்குப் புது செல் போட்டுக் கொடுத்தேன். பச்சையைச் சுரண்டிப் பார்த்தார், எரிந்தது. ஒரு கையால் தாடையைப் பிடித்தால் டார்ச் பிடிக்க மற்றக் கையைத் தூக்க முடியாததால் என்னைப் பிடிக்கச் சொன்னார். அந்த வருஷம் உப்பு வாரும் காலம் முழுக்க, மதியக் கஞ்சி நேரத்தில், வரிசை வரிசையாக அவரோடு போனேன். வாயைத் திறக்கச் சொன்னால் ஆட்கள் பழையபடி சிரிப்பார்கள். "எங்களுக்குத் தெரியாதா, உப்புப் புண்ணு, மழை வந்தா ஆறிடும்" என்பான் ஒருத்தன். அவர் பதில் சொல்ல மாட்டார். பழைய கதை, ஆஸ்பத்திரிக் கட்டில் கதை, எதையும் சொல்ல மாட்டார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, ஒரே வார்த்தைதான்.

"சொல்லு."

நான் சொல்லுவேன். காப்புக் கட்டினதைச் சொல்லுவேன், டாக்டர் என்று பொய் சொன்னதைச் சொல்லுவேன், தம்பி ஜடை பின்னினதைச் சொல்லுவேன். முதல் நாள் தடுமாறித்தான் சொன்னேன். பத்தாவது நாளும் அப்படித்தான். என்னைப் பெரிய மனுஷனாக நினைத்திருந்த ஆளுங்க என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் காத்திருப்பார். முடித்ததும் யாராவது ஒருத்தன் சிரிப்பை நிறுத்திவிட்டுப் புகையிலையைத் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு முன்னால் வருவான்.

நான் டார்ச்சை உள்ளங்கையில் ரெண்டு தட்டுத் தட்டிப் பிடிப்பேன். அவர் குனிவார்.